நகரின் கட்டட மின் விதிகளைப் புதுப்பிப்பது எப்படி?

கட்டடங்களுக்கான மின் விதிகளைப் புதுப்பிக்க முனையும் நகர நிர்வாகம், தன் எல்லைக்குள் இன்று எந்தப் பதிப்பு சட்டப்படி செல்லுபடியாகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1897-இல் முதன்முதலாக வெளியானது. இப்போது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஆயினும் ஒரு மாநிலமோ நகரமோ சட்டத்தின் வழியாக ஏற்கும் வரை அது மாதிரி ஆவணம் மட்டுமே. பல நாடுகளின் வயரிங் விதிகளுக்கு அடிப்படையான, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60364 தரத்தின் நிலையும் இதுதான். ஆகவே நகர்மன்றத் தீர்மானத்தில் பதிப்பின் ஆண்டைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ‘அவ்வப்போது திருத்தப்படும் வடிவில்’ என்று எழுதிவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் மன்றம் படித்தே பார்க்காத வாசகங்கள் நாளை விதியாகிவிடக்கூடும் என்பதால், சட்ட ஆலோசகரைக் கேட்காமல் அந்தச் சொற்றொடரைச் சேர்க்கக் கூடாது.

அடுத்த வேலை ஒப்பீடு. நடப்பு விதியையும் புதிய பதிப்பையும் பிரிவு வாரியாக எதிரெதிரே வைத்து, நகரம் முன்பு சேர்த்த உள்ளூர்த் திருத்தங்கள் ஒவ்வொன்றும் இன்னும் தேவைதானா என்று பார்க்க வேண்டும். அவற்றில் சில, புதிய பதிப்பிலேயே இடம்பெற்றிருக்கும், அவற்றை நீக்கிவிடலாம். மீதமுள்ளவற்றுக்கு வெள்ள மட்டம், உப்புக்காற்று, அடிக்கடி விழும் இடி போன்ற உள்ளூர்க் காரணம் ஒன்றை எழுத்தில் காட்ட முடிய வேண்டும். ‘இங்கே எப்போதும் இப்படித்தான்’ என்பது காரணமாகாது. மேல்நிலைச் சட்டம் எந்த அளவுக்கு மாற்ற இடம் தருகிறது என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அதிகக் கவனம் கோருவது, பழைய விதிகள் எழுதப்பட்டபோது இல்லாத சாதனங்கள்தாம். மின்வாகன சார்ஜரை எடுத்துக்கொள்வோம். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை வைத்தால் போதும் என்று வரைவில் எழுதிவிடுவது எளிது. ஆனால் சார்ஜரில் பழுது ஏற்படும்போது சீரான நேர்மின்னோட்டம் (டி.சி.) கசியக்கூடும்; அது துண்டிப்பானின் காந்த உள்ளகத்தை, மேலும் எந்த மாற்றத்தையும் உணர முடியாதபடி நிறைவுறச் செய்வதால், உண்மையான கசிவு நேரும்போது துண்டிப்பான் செயல்படாமல் போகலாம். அதனால்தான் ஐ.இ.சி. தரம், நேர்மின்கசிவையும் உணரும் பி வகைத் துண்டிப்பானையோ, 6 மில்லி ஆம்பியர் நேர்மின்கசிவைக் கண்டறியும் அமைப்புடன் கூடிய ஏ வகையையோ கேட்கிறது. வகையைக் குறிப்பிடாமல் ‘துண்டிப்பான் வேண்டும்’ என்று மட்டும் எழுதும் விதி, கடையில் மலிவாகக் கிடைப்பதைப் பொருத்தச் சொல்வதற்கு ஒப்பாகும். கூரைச் சூரிய மின் அமைப்பு, மின்கல சேமிப்பு ஆகியவற்றுக்கும் இதே நுணுக்கத்துடன் வாசகம் அமைய வேண்டும்.

ஏற்கெனவே உள்ள கட்டடங்களைப் பற்றிய பிரிவில்தான் சச்சரவு அதிகம் எழும். எர்த் கம்பியே இல்லாத பழைய வீட்டில் இரு துளை பிளக் பாயிண்ட் ஒன்று பழுதடைந்தால், உரிமையாளர் வீடு முழுவதற்கும் புது வயரிங் செய்ய வேண்டுமா? அப்படிக் கட்டாயப்படுத்தினால் பலர் அனுமதி கேட்காமலேயே வேலையை முடித்துக்கொள்வார்கள் என்பதே என் கணிப்பு. அமெரிக்கத் தொகுப்பு ஒரு நடுவழியைத் தருகிறது: கசிவுத் துண்டிப்புப் பாதுகாப்புடன் மூன்று துளை பாயிண்டைப் பொருத்தலாம், ஆனால் அங்கே எர்த் இணைப்பு இல்லை என்ற குறிப்பை ஒட்ட வேண்டும். பழுதுபார்ப்பு, விரிவாக்கம், பயன்பாட்டு மாற்றம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே எவ்வளவு மேம்பாடு தேவை என்று இப்படித் தெளிவாகப் பிரித்து எழுதினால் ஆய்வாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் வாக்குவாதம் குறையும்.

வரைவு தயாரானதும் மின்பணியாளர்கள், மின் வழங்கல் நிறுவனம், தீயணைப்புத் துறை, கட்டுநர்கள் ஆகியோரிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டு, ஏற்காத கருத்துகளுக்கும் விளக்கம் தர வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதியை முடிவு செய்யும்போது, அனுமதி விண்ணப்பம் அளித்த நாளில் இருந்த பதிப்பே அந்தப் பணிக்குப் பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நலம். இல்லையெனில் பாதி வயரிங் முடிந்த கட்டடத்தை எந்த விதிப்படி ஆய்வு செய்வது என்ற குழப்பம் வரும். ஆய்வாளர்களுக்கான பயிற்சி அந்தத் தேதிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பழைய பதிப்புகளையும் அலுவலகத்தில் பாதுகாத்து வைக்க வேண்டும். முன்பு கட்டப்பட்டவற்றைப் பற்றிய புகார்களில் அவையே அளவுகோல்.