கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீடு மாறுகிறீர்களா? பெட்டியைப் பிரிக்க முதல் தண்ணியைப் பாருங்கள்

லொறி மாலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிட்டு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி, விடியப்புறம் நாலரைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் புது மாடிவீட்டு வாசலில் வந்து நின்றது. முதல் வேலையாக 38 பெட்டிகளையும் மேலே ஏற்றினோம். அடுத்ததாகக் கை கழுவலாம் என்று பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தாங்கி வெறுமை, மோட்டர் சுவிட்ச் கீழே பூட்டின அறைக்குள், அந்த அறையின் திறப்பு யாரிடம் என்று கேட்டுவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. நாலு பேர், இரண்டு போத்தல் தண்ணீர், நல்ல புழுதி. கீழே உள்ள ஒழுங்கு அன்றைக்குப் படித்தது.

1. வெளிக்கிட முதல்

வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கிணறா குழாய்நீரா, மோட்டர் திறப்பு யாரிடம், மின்கட்டண நிலுவை ஏதும் இருக்கிறதா. கடைசி பில்லின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பத் தருவார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பெட்டியின் மேலே உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுவதைவிட, எந்த அறைக்குப் போகவேண்டும் என்று எழுதுவது நல்லது, ஏனென்றால் தூக்கி வருகிற தம்பிமாருக்கு அதுதான் தேவை. நாங்கள் ஆறு பெட்டியில் 'பலதும்' என்று எழுதியிருந்தோம். அதைச் செய்யாதீர்கள்.

ஒரு பையை மட்டும் லொறியில் ஏற்றாமல் கையோடு கொண்டுவாருங்கள்: திறப்புகள், கத்தி, டோர்ச், இரண்டு பல்ப், சவர்க்காரம், கேத்தில், நாலு கோப்பை, படுக்கை விரிப்பு, நுளம்பு வலை. வாளியும் வேண்டும், அதற்குள்ளேயே இதெல்லாவற்றையும் அடுக்கலாம்.

நல்லூர்ப் பக்கம் வீடென்றால் இன்னொன்று. கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில் வரும், அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வீதியை மறித்துவிடுவார்கள். லொறியை அதற்கு முன்னோ பின்னோ அனுப்புங்கள்.

2. தண்ணி

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு என்று ஒன்றும் கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்ட பிறகு குழாய்நீர் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது, ஆனால் உங்கள் கட்டிடத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் கிணறுதான் என்று நினைத்துக்கொண்டே வாருங்கள்.

போனவுடன் மோட்டரைப் போட்டு, தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். தானாக நிற்கிற மோட்டர் இல்லாவிட்டால் போனில் அலாரம் வைக்காமல் அந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள், இல்லையென்றால் கீழ்வீட்டு அன்ரி முற்றத்திலிருந்து கூப்பிடுவார். கரண்ட் போனால் மோட்டரும் இல்லை, ஆகவே குளியலறையில் ஒரு வாளி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

இனி ருசி. ஒரு மிடறு வாயில் வைத்தால் நல்ல தண்ணியா உவர்த் தண்ணியா என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே வித்தியாசம் இருக்கும், ஆகவே அயலில் குடிக்க எங்கே எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். உவர் இல்லாவிட்டாலும் சுண்ணாம்பு இருக்கும்: சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் வைக்கோல் மாதிரி நிற்கும், இரண்டு கிழமையில் கேத்திலின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டும். கேத்தில் பழுதாகிவிட்டது என்று எறிய வேண்டாம். கொஞ்சம் வினாகிரியும் தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்து அரைமணித்தியாலம் விட்டால் அந்த ஓடு கரைந்துவிடும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் உப்பும், நைத்திரேற்று என்கிற கரைந்த இரசாயனமும் போகாது. தோட்ட உரத்தாலும் மலசலகூடக் குழியாலும் நைத்திரேற்று கிணற்றுக்கு வருவது இங்கே நெடுநாள் பிரச்சினை, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து முடிவு தெரியும்வரை குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்குங்கள்.

3. பால் காய்ச்சுங்கள்

வாடகை வீடுதானே என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ராகுகாலம் பார்த்து விலக்கி, நிறைகுடம் வைத்து, பால் பொங்கவிட்டு, அதில் ஒரு கோப்பையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தக் கோப்பையைக் கொடுக்கலாம். மோட்டர் அறைத் திறப்பு அந்த வீட்டில்தான் இருந்தது.

4. கரண்ட்

மீற்றரின் இலக்கத்தை முதல்நாளே படம் எடுத்துவையுங்கள். பழைய வீடுகளில் பிளக் பொயின்ற் வட்டமுள்ளாக இருக்கும், உங்களுடையது சதுரமுள் என்றால் நல்ல அடப்டர் வாங்குங்கள், மலிவானது சூடேறி உருகும். பிரிட்ஜை லொறியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்து, சாய்ந்து கிடந்த நேரமளவுக்காவது விட்டுவிட்டுப் போடுங்கள். கொம்பிரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும்.

5. பெட்டிகள்

இப்போதுதான் பெட்டி. முதலில் படுக்கையறை மட்டும்: கட்டில், வலை, மின்விசிறி. அன்றிரவு நித்திரை கொண்டால் மறுநாள் குசினியைப் பிரிக்கலாம். குசினியில் ஒரு பானை, ஒரு தாச்சி, தேத்தண்ணிச் சாமான் போதும். தும்புத்தடி, சுளகு, நீத்துப்பெட்டி எல்லாம் கொழும்பிலிருந்து சுமக்காதீர்கள், திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு நடை நடந்தால் கிடைக்கும். மீதிப் பெட்டிகளை ஒரு சுவரோரமாக அடுக்கி நாளுக்கு இரண்டாகப் பிரியுங்கள்.

6. காகிதங்கள்

பழைய இடத்துக் கிராம அலுவலரிடம் வெளிக்கிட முதலே சொல்லிவிட்டு வாருங்கள். இங்கே வந்ததும் புதிய பிரிவின் அலுவலரிடம் அடையாள அட்டையும் வாடகை ஒப்பந்தமும் கொண்டுபோய்ப் பதியுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம், வாக்காளர் இடாப்பு என்று எதற்குப் போனாலும் வதிவிடச் சான்றிதழ்தான் முதலில் கேட்பார்கள். அலுவலர் எந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்று அயலில் விசாரித்துப் போங்கள், நான் இரண்டுமுறை பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினேன்.

7. மழைக்கு முன்

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். வெயில் காலத்தில் குடிவந்தவர்கள் கூரை ஒழுகும் என்று நினைக்கவே மாட்டார்கள். சீலிங்கில் மஞ்சள் வட்டம், யன்னலடியில் உப்பிய பெயின்ற் தெரிந்தால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு இப்போதே அனுப்புங்கள். தாங்கி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் ஏறிப் பாருங்கள், டெங்கு நுளம்பு முட்டையிடுவது அங்கேதான். எங்கள் தாங்கிக்கு மூடியே இருக்கவில்லை, 'பலதும்' பெட்டி ஒன்றிலிருந்த பழைய நுளம்பு வலைத் துண்டை மேலே கட்டிவிட்டோம்.