முள்ளு கத்திரிக்கு ஒரு விலைப் பக்கம்: வீட் சர்வரை நம் கணினியில் ஓடவிடுவது எப்படி?

வலைப்பக்கம் எழுதத் தொடங்கிய காட்பாடி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி காட்டுவது வெறும் வெள்ளைத் திரையைத்தான். எச்டிஎம்எல் கோப்பை நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்திருப்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை (தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து எழுதிய நிரல்களை) அப்படித் திறந்தால் பாதுகாப்புக் கருதி பிரவுசர் தடுத்துவிடும். அவை ஒரு சர்வர் வழியாக வரவேண்டும். அந்தச் சர்வரை நம் கணினியிலேயே ஓடவிடலாம்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்கு ஒரு விலைப் பக்கம் செய்வோம். அந்தச் சர்வரைத் தரும் கருவி, வீட். இவான் யூ 2020-இல் வெளியிட்டது. பிரெஞ்சு மொழியில் 'விரைவாக' என்று பொருள்.

முதலில், ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓடவிடும் நோட்.ஜேஎஸ்-இன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்பை நிறுவுங்கள். தேவையான தொகுப்புகளை நிறுவித் தரும் என்பிஎம் கூடவே வந்துவிடும். டெர்மினலில் 'என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட்' கொடுங்கள். (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.) பெயர் 'கத்திரி', அடுத்து வெனிலா (ஃபிரேம்வொர்க் எதுவும் சேராதது), பிறகு ஜாவாஸ்கிரிப்ட். உடனே நிறுவட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் முறை ஒவ்வொரு படியையும் கையால் செய்வதே நல்லது. 'சிடி கத்திரி', 'என்பிஎம் இன்ஸ்டால்', 'என்பிஎம் ரன் டெவ்'. பிரவுசரில் திறக்க வேண்டிய முகவரி லோக்கல்ஹோஸ்ட்:5173.

இப்போது பக்கத்தில் எத்தனை கிலோ என்று கேட்கும் பெட்டி ஒன்றை வைத்து, அதில் 3 என்று நிரப்புங்கள். எடிட்டருக்குப் போய் ஸ்டைல் கோப்பில் தலைப்பின் நிறத்தைக் கத்திரிப்பூ நிறமாக்கிச் சேமியுங்கள். கண்ணெதிரே நிறம் மாறும். பெட்டியில் இருந்த 3 அப்படியே இருக்கும். பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல், மாறிய ஸ்டைலை மட்டும் வீட் அனுப்பியிருக்கிறது. முதன்முதலாக இதைப் பார்த்த அன்று நான் பத்து நிறங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய் வாங்க வருபவர் இதைப் போனில்தான் பார்ப்பார். ஆகவே 'என்பிஎம் ரன் டெவ் -- --ஹோஸ்ட்' கொடுத்து, 'நெட்வொர்க்' என்று காட்டும் முகவரியை அதே வைஃபையில் உள்ள போனில் திறந்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் 'என்பிஎம் ரன் பில்ட்'. 'டிஸ்ட்' என்ற கோப்புறை உருவாகும். இணையத்தில் ஏற்ற வேண்டியது அதன் உள்ளடக்கம் மட்டுமே. என்பிஎம் நிறுவிய தொகுப்புகள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸ் கோப்புறையை ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஏற்றுமுன் 'என்பிஎம் ரன் பிரிவியூ' கொடுத்து லோக்கல்ஹோஸ்ட்:4173 முகவரியில் சரிபாருங்கள்.

அங்கே சரியாக வந்து, இணையத்தில் மட்டும் வெள்ளைத் திரை வந்தால், பக்கத்தைத் தளத்தின் உட்கோப்புறை ஒன்றில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட் கட்டிய பக்கம் தன் கோப்புகளையெல்லாம் தளத்தின் வேரிலிருந்தே (முதல் கோப்புறையிலிருந்தே) தேடும். 'என்பிஎம் ரன் பில்ட் -- --பேஸ்=./' என்று மறுபடி கட்டி ஏற்றுங்கள், பக்கம் வந்துவிடும்.