கொச்சி பினாலே: ஒரு நாள் போதுமா?

2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சி, ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பக்கத்துப் பழைய கிடங்குகளிலும் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும். 2 நாள் ஒதுக்குங்கள். திறக்கும் முதல் வாரத்தில் போகாதீர்கள், சில படைப்புகளில் ஆணி அடித்து முடிந்திருக்காது; 2022இல் திறப்பே டிசம்பர் 12இலிருந்து 23க்குத் தள்ளிப்போனது. ஜனவரி உத்தமம். எர்ணாகுளத்திலிருந்து படகே வசதி.

வீடியோ அறைக்குள் நுழையுமுன் சுவர் அட்டையில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 40 நிமிடப் படத்தின் நடுவில் புகுந்து 2 நிமிடத்தில் எழுந்துவிட்டு ‘ஒண்ணும் புரியலை’ என்பதில் பயனில்லை. நீளமானவற்றைக் காலையிலேயே முடியுங்கள். மதியம் ஓட்டுக்கூரைக் கிடங்கு வேகும். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை வாசலோரம் நில்லுங்கள், தரையில் ஒயர் ஓடும்.

போட்டோ எடுத்தால் முதலில் பெயர் அட்டை, பிறகு படைப்பு. இல்லாவிட்டால் ராத்திரி எது யாருடையது என்று குழம்புவீர்கள்.