அல்சர் ஆறியும் திரும்ப வருகிறதா? எங்கே தவறுகிறோம்

எரிச்சல் நின்றதும் புண் ஆறிவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் வலி சில நாட்களில் அடங்கிவிடும். புண் ஆறப் பல வாரங்கள் ஆகும். புண்ணை உண்டாக்கிய காரணம் உள்ளேயே இருந்தால், முழுக்க ஆறிய புண்ணும் மறுபடி வரும்.

பெரும்பாலும் அந்தக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் பலர் காரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவது அது இல்லை.

கிருமிக்கான மருந்து வழக்கமாக 14 நாட்கள். வாய் கசக்கும், வயிறு கலங்கும். பாதியில் வலியும் போய்விட்டால் மாத்திரையை ஓரங்கட்டத்தான் தோன்றும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், மிஞ்சிய கிருமி அதே மருந்துக்கு அடங்காமல் போகலாம். முழுதாகச் சாப்பிட்டவர்களும் அப்புறம் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: கிருமி ஒழிந்ததா என்று பார்ப்பதை. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை அதற்கு 2 வாரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும், அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் நெடுநாள் தங்கும்.

அடுத்தது வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் சுரப்பைக் குறைக்கின்றன. ஊசியாகப் போட்டாலும் இதே பாதிப்புதான், ஏனென்றால் மருந்து ரத்தம் வழியாக வேலை செய்கிறது. சில சளி மாத்திரைகளிலும் இவை கலந்திருக்கும், அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் வயிற்றுக்குப் பாதுகாப்பானது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது. வயிற்றைக் காக்கும் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

புகைபிடித்தால் புண் ஆறுவது தாமதமாகும், திரும்ப வரும் வாய்ப்பும் கூடும்.

புண் சிறுகுடலின் தொடக்கத்தில் இல்லாமல் இரைப்பையில் இருந்தால், ஆறியதா என்று பார்க்க மருத்துவர் மறுபடி எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) செய்யச் சொல்லலாம். வலி இல்லையே என்று தட்டிக் கழிக்காதீர்கள், சில புற்றுநோய்களும் புண்ணாகவே தெரியும். மலம் தார் போலக் கருத்து ஒட்டினாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.