குழந்தைப் பாதுகாப்புக் களப்பணியாளர்களுக்கு மாதம் ஒரு பக்கம்: தகவல் தாள் தயாரிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணத்திலோ பேச்சிப்பாறையிலோ ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லத் துணிந்தால், யாரிடம் சொல்லும்? அங்கன்வாடி டீச்சரிடம், கிராம சுகாதார செவிலியரிடம், வகுப்பு ஆசிரியையிடம், மகளிர் குழு அக்காவிடம், மறைக்கல்வி சொல்லித்தருகிறவரிடம். அந்த முதல் பத்து நிமிடத்தில் அவர் என்ன கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார், யாருக்கு போன் செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வழக்கும் சிகிச்சையும் அமைகின்றன. சட்டத் திருத்தம், தீர்ப்பு, ஆய்வு எல்லாம் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவை இவர்கள் கைக்கு வந்து சேருவதில்தான் தாமதம்.

அந்தத் தாமதத்தைக் குறைக்க மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். அதை எப்படித் தயாரிப்பது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை முதன்முதலாகச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இதைப் படித்தவர் நாளைக் காலையில் தன் வேலையில் எதை மாற்றுவார்? இதற்குப் பதில் இல்லாத செய்தி எவ்வளவு பெரியதானாலும் அந்தப் பக்கத்தில் அதற்கு இடம் கிடையாது.

படி 1: ஒரே ஒரு ஒன்றியத்தை எடுங்கள்

கன்னியாகுமரி சின்ன மாவட்டம்தான், ஆனாலும் 9 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் ஒரே தாள் பொருந்தாது. முஞ்சிறைப் பக்கம் தூத்தூர் போன்ற ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன அப்பா கரை திரும்ப வாரக்கணக்காகும். திருவட்டாறு பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன்னே வீட்டுப் பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். முந்திரி ஆலைக்குப் போகிற தாய்மார், செங்கல் சூளையில் தமிழ் பேசாத வெளிமாநிலக் குடும்பங்கள், மலையில் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகள் என்று பிள்ளைகள் தனித்திருக்கும் நேரமும் இடமும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. உங்களுக்குத் தெரிந்த ஒன்றியத்தில் தொடங்குங்கள்.

முதலில் ஒரு பெயர்ப்பட்டியல் போடுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு உறுப்பினர்கள். பெயருக்கு எதிரே, அவரிடம் எப்படித் தகவல் சேரும் என்று குறியுங்கள்: வாட்ஸ்அப்பா, அச்சுத் தாளா, நேரில் வாசித்துக் காட்ட வேண்டுமா? மலைப்பகுதியில் சிக்னலை நம்ப வேண்டாம்.

படி 2: மாதத் தாளுக்கு முன் அடிப்படைத் தாள்

புதியதைச் சொல்லுமுன் பழையது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நான் சொல்வது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012. அது நடைமுறைக்கு வந்த நாள் 2012 நவம்பர் 14. அதிலிருந்து களப்பணியாளருக்கு அவசியம் தெரிய வேண்டியவற்றை எளிய தமிழில் எழுதுங்கள்.

18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாருமே இந்தச் சட்டப்படி குழந்தைகள். பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தாலோ, நடக்கப்போகிறது என்று அஞ்ச இடமிருந்தாலோ, காவல்துறைக்குச் சொல்வது பிரிவு 19-இன்படி கட்டாயக் கடமை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் பிரிவு 21-இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மூடி மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் எந்த வழக்கும் நிற்காது. இந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். "எதுக்கு வம்பு, குடும்ப மானம் போயிரும்" என்று நாலு பேர் சொல்லும்போது ஒரு டீச்சர் கால் ஊன்றி நிற்க இந்த வரிதான் வேண்டும்.

அடுத்து, பிள்ளையின் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது என்பது. வாக்குமூலம் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும். அவர் சீருடையில் வரக்கூடாது. இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். மருத்துவமனை அவசர சிகிச்சை கொடுக்க, காவல்துறைக் கடிதம் கொண்டுவா என்று கேட்கக் கூடாது. 2020-இல் வந்த போக்சோ விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. செவிலியர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எண்களை அடியில் போடுங்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112, பள்ளி மாணவர்களுக்கான உதவி எண் 14417. இவற்றோடு பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றின் எண்கள். ஒவ்வொன்றையும் நீங்களே கூப்பிட்டுப் பார்த்த பிறகு அச்சிடுங்கள்.

படி 3: செய்தியை ஊற்றிலிருந்தே எடுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த பார்வேர்டை அப்படியே தாளில் போடாதீர்கள். சட்டத்தை இந்திய அரசின் சட்டத் தளத்திலும் அரசிதழிலும் பாருங்கள். தீர்ப்பு என்றால் உச்ச நீதிமன்றத் தளம். நம் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் கீழ் வருவதால் அந்தத் தீர்ப்புகளும் முக்கியம். திட்டம் பற்றியது என்றால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதல்கள். பிள்ளைகளோடு பேசும் முறை, மனநலம் பற்றிய பயிற்சிப் பாடங்கள் வேண்டுமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தின் சம்வாத் திட்டம். சென்னையில் 2004 முதல் இயங்கும் துளிர் அமைப்பு குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கென்றே பணியாற்றுவது.

ஊற்றுக்குப் போவது ஏன் முக்கியம் என்பதற்கு 2024-இல் நடந்ததே சாட்சி. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்தரிக்கும் காட்சியைத் தனிமையில் பார்ப்பதும் போனில் இறக்கி வைத்திருப்பதும் மட்டுமே குற்றமாகாது என்று ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கைத் தொடரச் சொன்னது. ஜனவரிச் செய்தியோடு நின்றுபோன ஒருவர் இன்றும் பெற்றோரிடம் "அது குத்தமில்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒரு தீர்ப்பைத் தாளில் போடுமுன், மேல்முறையீட்டில் என்ன ஆனது என்று தேடிப் பாருங்கள்.

நாளைக் காலைக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: அப்படி ஒரு வீடியோ குழுவில் வந்தால் "எச்சரிக்கை" என்று எழுதிக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். உடனே காவல்துறைக்கோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கோ தெரிவியுங்கள்.

படி 4: ஆய்வைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

எங்கே நடந்தது, யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேரிடம், என்ன கேட்டார்கள்? இந்த நான்கையும் கேட்டுப் பழகுங்கள். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53.22 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். மேடைகளில் இந்த எண் "தமிழ்நாட்டில் பாதிக் குழந்தைகள்" என்று உருமாறி வந்தால் நம்பாதீர்கள். ஆய்வு நடந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை, கேரளம் உண்டு. தெருவில் வாழும் குழந்தைகள், வேலைக்குப் போகும் குழந்தைகள், விடுதிக் குழந்தைகள் என்று தனித்தனிப் பிரிவுகளாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டது அது. ஆகவே அந்த விழுக்காட்டை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்து ஒட்ட முடியாது.

அதற்காக ஆய்வைத் தூக்கிப்போட வேண்டாம். துன்புறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்று அது சொல்கிறது. பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை என்றும் சொல்கிறது. "தெரியாத ஆள் மிட்டாய் கொடுத்தா வாங்காதே" என்ற பாடத்தோடு நிறுத்துகிற டீச்சர், "தெரிஞ்சவங்க செய்தாலும் சொல்லலாம், உன்மேல தப்பில்லை" என்பதையும் நாளை முதல் சேர்க்க வேண்டும். தாளில் போக வேண்டியது இந்த வாக்கியம்தான்.

பிள்ளைகளிடம் கேள்வி கேட்பது பற்றிய ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன, ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: பதிலை வாயில் திணிக்காத கேள்விதான் நல்ல பதிலைத் தரும். "சித்தப்பா தொட்டாரா?" என்று கேட்பது தவறு. "என்ன ஆச்சுன்னு சொல்லு மக்களே, நான் கேட்கேன்" என்பது சரி. முதல் ஆளின் வேலை பொறுமையாகக் கேட்பது, பிள்ளை சொன்ன சொல்லிலேயே குறித்துவைப்பது, தகவல் கொடுப்பது. தோண்டித் துருவி விசாரிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

படி 5: எழுதுங்கள்

ஒரு பக்கத்தில் ஒரே ஒரு செய்தி. மேலே தேதி. பிறகு என்ன மாறியது, உங்கள் வேலையில் என்ன மாறும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. ஒரு மாதிரி தருகிறேன்:

"2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் உள்ளன. போக்சோ தனிச் சட்டம், அது அப்படியே தொடர்கிறது. மாறியது இது: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்பது இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாறசாலையில் நடந்ததாக ஒரு பிள்ளை களியக்காவிளையில் உங்களிடம் சொன்னால், 'அது கேரளா, அங்கே போங்க' என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. திருப்பி அனுப்பினால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173 என்று சொல்லுங்கள், 1098-க்கும் அழையுங்கள்."

எல்லையோரத்தில் வேலை செய்கிறவருக்கு இவ்வளவு போதும். எழுதியதைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உள்ள சட்ட அலுவலரிடமோ, தெரிந்த வழக்கறிஞரிடமோ காட்டிச் சரிபார்த்த பிறகே வெளியே விடுங்கள். இந்தப் படியை எந்த அவசரத்திலும் தாண்டாதீர்கள்.

படி 6: வாசித்துக் காட்டி, பழகவிடுங்கள்

பிடிஎஃப் அனுப்பினால் கட்டைவிரல் வரும்; படித்தார்களா என்று தெரியாது. அவர்கள் ஏற்கெனவே கூடுகிற மாதக் கூட்டத்தில் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். தனிக் கூட்டம் வைத்தால் ஏற்கெனவே பாரம் சுமக்கிறவர்கள்மேல் இன்னொரு பாரம். தாளைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு இருவர் இருவராகப் பிரித்து ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுங்கள். ஒருவர் பிள்ளை, ஒருவர் டீச்சர். "இதை யாரிடமும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று பிள்ளை கேட்கிறது. டீச்சர் என்ன சொல்வார்? அந்தச் சத்தியத்தைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. "உனக்கு உதவி செய்யக் கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்லும்போது உனக்கும் சொல்லுவேன்" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் அந்த நேரத்தில் நாக்கில் வரும்.

சம்பவத்தை நீங்களே புனையுங்கள். ஊரில் நடந்ததை எடுக்கவே கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டப்படியும் இளைஞர் நீதிச் சட்டப்படியும் குற்றம். பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கடற்கரை ஊரில் படகின் பெயர், அன்பியம் (பங்கின் சிறு குழு), குருசடிக்கு (சிலுவைக் கோவிலுக்கு) எந்தப் பக்கத்து வீடு, இவற்றில் ஒன்று போதும், கேட்டவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தப் பயிற்சியில் சிலர் கண்கலங்குவார்கள். சொந்த அனுபவம் கிளர்ந்து வரலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விலகி உட்கார விடுங்கள். மனநல உதவிக்கான டெலி மனஸ் எண் 14416 அவர்களுக்கும்தான்.

படி 7: பழையதைத் திரும்ப வாங்குங்கள்

அடுத்த மாதம் போனதும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். "போன மாசத் தாளுக்குப் பிறகு என்ன மாத்தினீங்க?" என்று கேளுங்கள். யாரும் எதையும் மாற்றவில்லை என்றால் தாளை எழுதிய முறையைத் திருத்துங்கள். சட்டம் மாறினால் பழைய தாளைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் "இது செல்லாது" என்று தேதியோடு போடுங்கள்.

முதல் மாதத்துக்கு என்ன பொருள் எடுப்பது என்று திணறினால் பிரிவு 19-ஐயும் 21-ஐயும் எடுங்கள். இரண்டாவது மாதம், கேள்வி கேட்கும் முறை. மூன்றாவது மாதம், எல்லை தாண்டிய புகார். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதம் வந்தால் குழந்தைத் திருமணத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பதையும், தடுப்பு அலுவலர் பொறுப்பில் மாவட்ட சமூக நல அலுவலர் இருப்பதையும் பள்ளி மூடுமுன்னே எல்லாரும் கையில் வைத்திருக்க வேண்டும்.