அமெரிக்காவில் முதல் ஏஆர்-15: எதைப் பார்த்து வாங்குவது

ரேஞ்சில் சுடவும் வேண்டும், வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆக வேண்டும், ஒரே ரைஃபிள் போதும் என்று கேட்பவரிடம் அமெரிக்கக் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்து நீட்டுவது ஏஆர்-15 வகைதான். உதை குறைவு, உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். யூஜின் ஸ்டோனர் 1950களின் கடைசியில் ஆர்மலைட் நிறுவனத்தில் இதை வடிவமைத்த நாளிலிருந்து இன்றுவரை இதன் நிறைகுறைகளை அலசிக் காயப்போட்டுவிட்டார்கள். ஆனால் எந்த மாடல் என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வரவேண்டும். சட்டப்படி நீங்கள் வாங்கலாமா, உங்கள் மாநிலத்தில் எந்த உருவத்தில் வாங்கலாம் என்ற இரண்டும் அதற்கு முன்னால் தீரவேண்டும்.

விசாவும் படிவமும்

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. சில விலக்குகள் உண்டு. அதிகம் பேசப்படுவது, அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அந்த விலக்கு இல்லாதவர் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதே தடைக்குள் வரும். “நண்பரோடு சும்மா போனேன், நாலு குண்டு சுட்டேன்” என்பதெல்லாம் எடுபடாது. விலக்கு இருந்தாலும் மாநிலச் சட்டம் தனியாகக் குறுக்கே நிற்கலாம் என்பதால், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நம்மவர்கள் வட்டாரத்தில் இரண்டு பொறிகள் உண்டு. விசாவில் இருக்கும் நண்பருக்காகக் குடிமகன் ஒருவர் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது முதலாவது. உண்மையில் யாருக்காக வாங்குகிறீர்கள் என்று, கடையில் நிரப்ப வேண்டிய ஃபெடரல் படிவம் 4473 நேரடியாகவே கேட்கும். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் இருவருக்கும் சிக்கல். இரண்டாவது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணவர் கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-4 என்றால், துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ மனைவியிடம் இருக்கக் கூடாது. எடுக்கும் வசதி இருந்தாலே அது அவர் கைவசம் இருந்ததாக வழக்காகலாம்.

கடையில் காரியம் கெடுவது பெரும்பாலும் அற்பக் காரணத்தால். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் விற்பனை அங்கேயே நின்றுவிடலாம். வீடு மாறியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். கடைக்காரர் மத்திய அரசின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பலருக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பெயரில் இனிஷியல் குழப்பம் உள்ளவர்களுக்குச் சில நாள் தள்ளிப் போகலாம். அது மறுப்பு அல்ல, பதறாதீர்கள்.

மாநிலத்தைப் பொறுத்து இதே ரைஃபிள் வெவ்வேறு வடிவம் எடுக்கும். டெக்சாஸில் கடையில் இருப்பதை அப்படியே வாங்கலாம். கலிபோர்னியாவில் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. அதோடு பிஸ்டல் கிரிப், நீளம் மாற்றும் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்பகுதி), ஃபிளாஷ் ஹைடர் (குழல் முனையில் தீ ஒளியைக் குறைக்கும் துண்டு) ஆகியவற்றை நீக்க வேண்டும், அல்லது மேகசின் கழற்ற முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். நியூஜெர்சியிலும் 10 தோட்டாதான். இல்லினாயும் வாஷிங்டன் மாநிலமும் 2023இல் புதிய விற்பனையைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தன. நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மேரிலாந்து ஒவ்வொன்றுக்கும் தனித் தனி விதி. வேறு மாநில நண்பர் காட்டிய மாடலை நம்பி ஆர்டர் போடாமல், உங்கள் ஊர்க் கடையில் கேளுங்கள்.

பணத்தைப் பிரிப்பது

கையில் 1,800 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ரைஃபிளுக்கு 800க்கு மேல் போக வேண்டாம். மீதி ஆயிரத்தில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் சைட்) 200, விளக்கு 150, ஸ்லிங் (தோள்பட்டை வார்) 50, ஐந்து மேகசின் 75, பூட்டுப் பெட்டி 150, பயிற்சித் தோட்டா 500க்கு ஏறக்குறைய 250, ஒருநாள் வகுப்புக்கு மிச்சம். 1,700 டாலருக்கு டேனியல் டிஃபென்ஸ் வாங்கிவிட்டு, தோட்டாவுக்குக் காசில்லாமல் அதை அலமாரியில் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த 800 டாலர் வட்டத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15 ஸ்போர்ட் 3, ரூகர் ஏஆர்-556 இரண்டும் நம்பி எடுக்கலாம். ஸ்போர்ட் 2 பழைய இருப்பு மலிவாகக் கிடைத்தால் இரண்டு வித்தியாசம் தெரிந்து வாங்குங்கள். ஸ்போர்ட் 2இல் கேஸ் குழாய் (சுட்ட வாயுவைப் பின்னால் கொண்டுபோய் போல்ட்டை இயக்குவது) கார்பைன் நீளம், அதாவது குட்டை; குழல் முறுக்கு 1:9, அதாவது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஸ்போர்ட் 3இல் மிட் நீளம், 1:8. 16 அங்குலக் குழலில் மிட் நீளக் கேஸ் அமைப்பு கார்பைனைவிட மென்மையாக இயங்கும், பாகங்களுக்கும் அடி குறைவு. 1:8 முறுக்கு 55 கிரெயின் (குண்டின் எடை அலகு) மலிவுத் தோட்டாவிலிருந்து 77 கிரெயின் கனத் தோட்டா வரை நிலைப்படுத்தும். 1:9 கனமானவற்றில் தடுமாறும்.

குழல் நீளம் 16 அங்குலத்துக்குக் கீழே இறங்காதீர்கள். அதற்குக் குறைந்தால் ஃபெடரல் பதிவு தனியாக வேண்டும், முதல் துப்பாக்கிக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) 5.56 நேட்டோ அல்லது .223 வைல்ட் என்று குழலில் பொறித்திருக்க வேண்டும். இரண்டிலும் .223 தோட்டாவையும் 5.56 தோட்டாவையும் சுடலாம். வெறும் .223 ரெமிங்டன் என்று பொறித்திருந்தால் அதில் 5.56 போடக் கூடாது, அழுத்தம் எல்லை மீறும். உட்புறம் குரோம் பூச்சா நைட்ரைடா என்ற பட்டிமன்றத்தில் நேரம் போக்க வேண்டாம், இரண்டும் நீங்கள் சுடப்போகும் அளவுக்குத் தாங்கும். பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டும் வேலை இரண்டாவது ரைஃபிளுக்கு இருக்கட்டும்.

உங்கள் ரேஞ்ச் ரைஃபிளையே அனுமதிக்காமல் பிஸ்டல் தோட்டாவுக்கு மட்டும் இடம் கொடுக்கும் உள்ளரங்கமாக இருந்தால் கதை வேறு. அங்கே 9 எம்எம் சுடும் ரூகர் பிசி கார்பைன் போன்றது பொருந்தும். சுடப் பழகுவதுதான் முதல் நோக்கம் என்றால், 1964லிருந்து விற்பனையில் இருக்கும் ரூகர் 10/22 போதும். .22 தோட்டா விலை 5.56 தோட்டா விலையில் சிறு பங்குதான்.

கடை மேசையில்

கடைக்காரரிடம் கேட்டு, சேம்பர் காலி என்று இருவரும் கண்ணால் பார்த்த பிறகு, பின்பக்கப் பின்னைத் தள்ளி ரைஃபிளைத் திறந்து போல்ட் கேரியரை (உள்ளே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு குழாய்தான் கேஸ் கீ. இரண்டு திருகுகள் அதைப் பிடித்திருக்கும். திருகுத் தலையின் ஓரத்தில் கேஸ் கீயின் இரும்பை உளியால் அடித்து உள்ளே நசுக்கிவிட்டதுபோல ஆழமான தடம் தெரிய வேண்டும். இதற்கு ஸ்டேக்கிங் என்று பெயர். பெயருக்கு ஒரு கீறல் மட்டும் இருந்தால் சில நூறு குண்டில் திருகு தளரும், கேஸ் கசியும், போல்ட் பாதி வழியில் திரும்பிவிடும். அடுத்த தோட்டா ஏறாது.

அதே அடையாளத்தை ஸ்டாக்குக்கு முன்னால் உள்ள காஸில் நட்டிலும் (castle nut) தேடுங்கள். பின்தகட்டின் உலோகம் நட்டின் பள்ளத்துக்குள் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். இது தளர்ந்தால் ஸ்டாக் மாட்டியிருக்கும் பஃபர் குழாய் சுழலும், ஸ்டாக் கோணலாகும்.

பிறகு மூடிவிட்டு, அனுமதி வாங்கி, பாதுகாப்பான திசையில் விசையைச் சோதியுங்கள். சேஃப்டி போட்ட நிலையில் விசை அழுத்தினால் எதுவும் விழக் கூடாது. எடுத்துவிட்டு அழுத்தினால் ஒரு ‘டக்’. விசையை விடாமல் பிடித்தபடியே சார்ஜிங் ஹேண்டிலை இழுத்து விடுங்கள், பிறகு விசையை மெல்லத் தளர்த்துங்கள். ஒரு சிறு ‘கிளிக்’ கேட்க வேண்டும். மறுபடி அழுத்தினால் மறுபடி ‘டக்’. மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருப்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். அதனால் குறி கெடாது, விட்டுவிடுங்கள்.

ஸ்டாக்கின் அடிப்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டு விரல் விசைக்கு எட்ட வேண்டும். ஐந்தே கால் அடி உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் உள்ளிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது நிலை சரியாக வரும்.

ரெட் டாட்டும் ஜீரோவும்

இரண்டு எம்ஓஏ (100 கஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம் வரும் கோண அளவு) புள்ளி உள்ள ரெட் டாட் முதல் ரைஃபிளுக்குப் போதுமானது. 100 கஜத்தில் அந்தப் புள்ளி இரண்டு அங்குலத்தை மறைக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். புள்ளி வட்டமாகத் தெரியாமல் வால்நட்சத்திரம்போலச் சிதறித் தெரிந்தால், கண் வைக்கும் இடத்தில் போன் கேமராவை வைத்துப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு சைட்டில் இல்லை, உங்கள் கண்ணின் ஆஸ்டிக்மாடிசம். அப்படியானால் ரெட் டாட்டை விட்டுவிட்டு, கண்ணாடியிலேயே குறி பொறித்த பிரிசம் சைட் எடுங்கள்.

ஜீரோ, அதாவது புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி சைட்டைத் திருத்துவது, 50 கஜத்தில் வையுங்கள். முதலில் 25 கஜத்தில் மணல் பையின் மேல் முன்கைப்பிடியைத் தாங்கி (குழல் எதன்மேலும் படக் கூடாது) ஐந்து குண்டு சுடுங்கள். குறியிலிருந்து ஒன்றேகால் அங்குலம் கீழே கூட்டம் விழும்படி திருப்பினால் 50இல் அருகில் வந்துவிடும். பிறகு 50 கஜத்தில் ஐந்து குண்டு, கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருத்தம். அங்கே ஒரு எம்ஓஏ என்பது அரை அங்குலம். பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் திருப்புவது. அப்படிச் செய்தால் ஒரு டப்பா தோட்டா தீர்ந்தாலும் ஜீரோ வராது. மலிவுத் தோட்டா 100 கஜத்தில் மூன்று அங்குலக் கூட்டம் போட்டால் துப்பாக்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஜீரோவில் 55 கிரெயின் தோட்டா 200 கஜம் வரை குறியை விட்டு அதிகம் விலகாது. சிக்கல் கிட்டத்தில்தான். சைட் குழலுக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம் மேலே இருப்பதால், அறைக்குள் உள்ள தூரத்தில் குண்டு புள்ளிக்கு அவ்வளவு கீழே படும். வீட்டுப் பாதுகாப்பை நினைத்து வாங்குகிறவர் 5 கஜத்திலும் சுட்டு இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தோட்டா

பயிற்சிக்குப் பித்தளைக் கூடு, 55 கிரெயின் எஃப்எம்ஜே (முழு உலோக உறை போட்ட குண்டு). பல உள்ளரங்க ரேஞ்சுகளில் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் சுட விடமாட்டார்கள். பச்சை முனை எம்855இல் எஃகு முனை உண்டு, அது ஒட்டும். ஆயிரம் தோட்டா மொத்தமாக வாங்கிவிட்டு வாசலில் திரும்பி வராமல் இருக்க, உங்கள் ரேஞ்சின் விதியை முன்பே கேளுங்கள். குழல் முனையில், வாயுவைப் பக்கவாட்டில் தள்ளி உதையைக் குறைக்கும் மஸில் பிரேக் வேண்டாம், ஃபிளாஷ் ஹைடர் போதும். பிரேக் போட்டால் பக்கத்துத் தடத்தில் நிற்பவர் உங்களைத் திட்டுவார்.

வீட்டில்

அமெரிக்க வீட்டு உட்சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தின் இருபுறமும் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகைதான். ஆளை நிறுத்தக்கூடிய எந்தத் தோட்டாவும், பிஸ்டல், ஷாட்கன் உட்பட, அதைத் துளைத்துப் போகும். விரியும் வகைத் தோட்டா இந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. எனவே படுக்கையறை வாசலில் நின்று, எந்தத் திசையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள், எந்தப் பக்கம் அண்டை வீடு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கு வைக்கும் தோட்டாவையும் இரண்டு மூன்று மேகசினாவது உங்கள் ரைஃபிளில் ஓட்டிப் பாருங்கள்.

விளக்கு ஆடம்பரம் அல்ல. இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது. 5.56இன் ஓசை 160 டெசிபலைத் தொடும், அறைக்குள் ஒரே குண்டு காதைக் கெடுக்கும். மின்னணு இயர்மஃப் ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பெட்டியில் வைக்கும்போது சேம்பர் காலி. ஏஆர்-15இன் ஃபயரிங் பின்னை ஸ்பிரிங் எதுவும் பிடித்திருப்பதில்லை. போல்ட் மூடும்போது அது தோட்டாவின் பிரைமரை (அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடி) லேசாகத் தொட்டு ஒரு புள்ளி வைக்கும். ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் அந்தப் புள்ளி ஆழமாகும், குண்டும் கூட்டுக்குள் அழுந்தும். அப்படி நாலைந்து தடவை ஏறிய தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள். பூட்டு கட்டாயம். பெட்டி எண் பிள்ளைகளின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம், முதலில் முயல்வது அதைத்தான். வீட்டில் யாருக்காவது கடும் மனச்சோர்வு இருக்கும் காலத்தில் ரைஃபிள் வீட்டிலேயே இருக்க வேண்டாம். சில கடைகளும் ரேஞ்சுகளும் வாங்கி வைத்துக்கொள்ளும். கைமாற்றும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, கேட்டுச் செய்யுங்கள்.

முதல் 300 குண்டு

புது ரைஃபிள் கம்பெனி எண்ணெயோடு அப்படியே ரேஞ்சுக்குப் போனால் திக்கும். குழலைத் துணி விட்டுத் துடைத்து, போல்ட் கேரியரின் அடியிலும் பக்கத்திலும் உரசிப் பளபளக்கும் இடங்களில் எண்ணெயைத் தாராளமாக விடுங்கள். ஏஆர்-15 அழுக்கைப் பொறுக்கும், வறட்சியைப் பொறுக்காது. 30 தோட்டா மேகசினில் 28 போட்டால் மூடிய போல்ட்டில் எளிதாக மாட்டும். மேகசினில் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள்.

இந்த எண்ணால்தான் கோளாறைப் பிடிக்க முடியும். தோட்டா சிக்குவது எப்போதும் 3ஆம் மேகசினில் மட்டும் என்றால் அதைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. எல்லா மேகசினிலும் கடைசிக் குண்டுக்குப் பிறகு போல்ட் திறந்து நிற்காமல், காலிக் கூடு காலடியிலேயே சோம்பலாக விழுந்தால் கேஸ் போதவில்லை. எண்ணெய் விடுங்கள், கேஸ் கீ ஆடுகிறதா பாருங்கள், மலிவு .223க்குப் பதிலாக முழு அழுத்த 5.56 போட்டுப் பாருங்கள். சுட்டபோது சத்தம் வழக்கத்தைவிட மொத்தையாகக் கேட்டால் உடனே நிறுத்தி, இறக்கி, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடாதீர்கள். இவ்வளவும் பார்த்தும் திக்கினால், ஸ்பிரிங்கையும் பஃபரையும் நீங்களே மாற்றத் தொடங்காமல், எந்தத் தோட்டா, எந்த மேகசின், எத்தனையாவது குண்டு என்று ஒரு தாளில் எழுதி ரைஃபிளோடு வைத்து நிறுவனத்துக்கே அனுப்புங்கள்.