பின்சில்லு சொல் கேட்க வேண்டும்: இரட்டை ஷொக் மலைச்சைக்கிள் வாங்குவது எப்படி

எனக்கு 94 கிலோ. தண்ணீர்ப் பையும் ஹெல்மெட்டும் சப்பாத்தும் சேர்ந்தால் 100ஐத் தொட்டுவிடும். 65 கிலோ எடையுள்ள என் மருமகனுக்கு அவனுடைய சைக்கிளில் ஒரு குறையும் தெரிவதில்லை. அதே சைக்கிளில் நான் ஏறினால் பின்சில்லு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆகவே கடைக்குப் போகுமுன் முதலில் தராசில் ஏறி நில்லுங்கள், பையோடு.

முன்னும் பின்னும் ஷொக் உள்ள என் முதல் இரட்டை ஷொக் சைக்கிளைக் கொழும்பில் ஒரு கடையில் பழையதாக எடுத்தேன். கடைக்காரர் சீற்றைக் கையால் அமுக்கி, "பாருங்கோ அண்ணை, என்ன இறுக்கம்" என்றார். இறுக்கம் என்றால் உறுதி என்று நானும் நம்பிக் காசைக் கொடுத்தேன். அப்புத்தளையில் லிப்டன் சீட்டிலிருந்து தம்பேதன்ன தொழிற்சாலைக்கு இறங்கும்போது, ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் ஒரு குறுக்குப் பாதையில் விட்டேன். ஹாண்டில் வலப்பக்கம் திரும்பியது, பின்சில்லு நேரே போனது. நான் கானுக்குள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார் இருவர்தான் தூக்கிவிட்டார்கள். "ஐயா, இது நாங்களே கைய ஊன்டி எறங்குற எடம்" என்றார் ஒருவர்.

இறுக்கமான ஷொக் வேறு, விறைப்பான பிரேம் வேறு. ஷொக் மேலும் கீழும் தாராளமாக அசைய வேண்டும். பிரேமும் சில்லும் பக்கவாட்டில் நெளியக் கூடாது. என் சைக்கிளில் இரண்டுமே தலைகீழ்.

காலி முகத்திடலும் சுதந்திர சதுக்கமும்தான் உங்கள் சவாரி என்றால் இந்தச் சைக்கிள் வேண்டாம். முன் ஷொக் மட்டும் உள்ளதை வாங்கி மிச்சக் காசில் நல்ல பிரேக் போடுங்கள். அப்புத்தளை, ஹந்தான, நக்கிள்ஸ் பக்கம் கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் இறங்க நினைக்கிறவர்களுக்குத்தான் இனிச் சொல்லப்போவது.

பின்பக்க ஷொக் பயணம், அதாவது பின்சில்லு மேலும் கீழும் அசையும் தூரம், 130 முதல் 150 மில்லிமீற்றருக்குள் இருந்தால் ஏறவும் முடியும், இறங்கவும் முடியும். முன் ஷொக்கின் கால் தடிப்பைக் கட்டாயம் கேளுங்கள். ஃபொக்ஸ் 34, 36 என்ற பெயர்களில் இருக்கும் எண்ணே அந்தக் காலின் மில்லிமீற்றர் அளவுதான். ரொக்ஷொக்ஸ் பைக், லிரிக் இரண்டும் 35. என்னைப் போன்ற எடைக்கு 36 எடுத்தால் பிரேக் பிடிக்கும்போது முன்சில்லு பின்னோக்கி வளைவது குறையும். பின் அச்சு 12 மில்லிமீற்றர் தடிப்பும் 148 அகலமும் கொண்டு, பிரேமுக்குள் ஊடுருவித் திருகுவதாக இருக்கட்டும். நெம்பை மடக்கிக் கழற்றும் பழைய குவிக் ரிலீஸ் அச்சு என்றால் அடுத்த சைக்கிளைப் பாருங்கள். சில்லில் 32 கம்பி. கார்பனா அலுமினியமா என்று பலர் மண்டையை உடைக்கிறார்கள். நன்றாகச் செய்த அலுமினியம் போதும், விழுந்தாலும் மனம் பதறாது.

கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். சைக்கிளின் பக்கத்தில் நின்று பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் பெடலின் அடியைக் காலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். கொஞ்சம் நெளிவது இயல்பு. இரண்டு மூன்று சைக்கிளில் செய்து பார்த்தால் எது குழைகிறது என்று கால் சொல்லிவிடும். அடுத்தது, சீற்றைப் பிடித்து ஒரு விரல் அளவு தூக்கித் தூக்கி விடுங்கள். 'டக்' என்று தட்டினால் பிவட்டிலோ (பின்பகுதி அசையும் மூட்டு) ஷொக் பூட்டிலோ தேய்மானம். நெளிவு பிரேமின் குணம், அதை மாற்ற முடியாது. தட்டல் பெயரிங்கோடு போய்விடும், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

பெயரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிப்பு 7 மில்லிமீற்றர், எந்தக் கம்பனி செய்தாலும் அதே அளவு. அந்த எண்ணைச் சொல்லிக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில்கூடத் தேடலாம். நான் இருப்பது வெள்ளவத்தையில், கடலுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி. உப்புக்காற்றில் ஆறு மாதம் சும்மா நின்ற சைக்கிளின் பெயரிங்கும் கரகரக்கிறது. அதனால் பெடல் அச்சுப் பெயரிங் அடித்து இறுக்குவதாக இல்லாமல் திருகிப் பூட்டுவதாக இருப்பதையே நான் விரும்புகிறேன். பிரேக்கில் மினரல் ஒயில் நல்லது. மற்ற வகையான டொட் (DOT) பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்.

பாரமானவர்கள் ஒரு சின்னக் கணக்கும் போட வேண்டும். பின்சில்லின் பயணத்தை ஷொக்கின் ஸ்ட்ரோக்கால், அதாவது ஷொக் உள்ளே அமுங்கும் நீளத்தால், வகுங்கள். 140ஐ 55ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.5, 50ஆல் வகுத்தால் 2.8. எண் சிறிதானால் ஷொக்குக்குள் அடிக்க வேண்டிய காற்றும் குறைவு. பெரிதானால் எங்களுடைய எடைக்குக் காற்றை அடித்து அடித்து அதன் உச்ச அளவை எட்டிவிடுவோம்.

அளவுக்கு வந்தால், சீற் குழாய் 76 பாகை அளவில் நிமிர்ந்திருந்தால் தோட்டத்து ஏற்றத்தில் முன்சில்லு தூக்காது. முன் ஷொக் 65 பாகை அளவில் சாய்ந்திருந்தால் இறக்கத்தில் தைரியம் வரும். ஏறிப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வாங்கிய அன்றே ஷொக்கின் காற்றைச் சரிசெய்யுங்கள். முழு உடுப்போடும் பையோடும் ஏறி, ஷொக்கிலுள்ள ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு மெல்ல இறங்குங்கள். 55 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கில் வளையம் 16 அளவுக்கு நகர்ந்திருந்தால் ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 30 வீதம், அது சரி. முதல் இரண்டு சவாரிக்குப் பிறகு பிவட் ஆணிகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் சாவியால் ஒருமுறை பாருங்கள்.

மருமகன் இரவல் கேட்டால் காற்றைக் குறைத்துக் கொடுப்பேன். திரும்பி வந்ததும் ஏற்ற வேண்டும். ஒருமுறை மறந்துபோய், ஒழுங்கை முனையில் இருக்கும் முதல் வேகத்தடையிலேயே ஷொக் அடியில் முட்டிய சத்தம் மூன்றாம் மாடியில் நின்ற மனைவிக்கும் கேட்டது.